ரேஸ் டிராக்கில் ஓட்டப்போகும் மாற்றுத்திறனாளிக்குத் துணையாக நிற்பது எப்படி?

இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சின்ன வயதிலிருந்தே எனக்குக் கார் என்றால் உயிர். மாற்றுத்திறனாளிகளை ரேஸ் டிராக்குக்கு அழைத்து வேகமாக ஓட்ட வைக்கும் அமைப்புகள் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தன்னார்வலராகச் சேர ஆசை. ஆனால் நான் ரேஸ் ஓட்டியதில்லை, மருத்துவமும் தெரியாது. நான் போய் என்ன செய்ய முடியும்? முன்கூட்டியே எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?"

தாராளமாகப் போங்கள், தம்பி. ரேஸ் ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே நாலு பேர் இருந்தால் போதும். மற்ற வேலைகளுக்குத்தான் எப்போதும் ஆள் பற்றாக்குறை. நான் சில வருடங்களாக இப்படிப்பட்ட நாட்களில் கூடமாட நிற்கிறேன். பெரும்பாலும் சக்கர நாற்காலியிலிருந்து காருக்கும், காரிலிருந்து நாற்காலிக்கும் ஆட்கள் மாறும் இடத்தில்தான் என் வேலை. அங்கே நின்று கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அன்றைக்கு வருகிறவர் ஓட்டுநர், பயணி அல்ல. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். நல்ல மனதோடு வரும் தன்னார்வலர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான். "பாவம், ஒரு ரவுண்டு சுற்றிவரட்டும்" என்ற நினைப்போடு வந்தால், பெல்ட்டை மாட்டும் கையில் அது தெரிந்துவிடும், பேசும் குரலிலும் தெரிந்துவிடும். வந்தவர் அன்று காலை இரண்டு மணி நேரம் தானே கார் ஓட்டி வந்திருப்பார். இருபது வருடமாகக் கையாலேயே ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் இயக்குகிறவராக இருப்பார். மூன்றாவது வளைவுக்கு முன்னால் எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது என்பதுதான் அவருடைய அன்றைய கேள்வி. அதைப் பற்றி மட்டும் அவர் யோசிக்கும்படி மற்ற தொல்லைகளை எல்லாம் வழியிலிருந்து எடுத்துப்போடுவதுதான் நம் வேலை.

உடம்பு எப்படி இருந்தாலும் வேகமாக ஓட்டலாம் என்பது எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். ஃபார்முலா 1 ஓட்டுநர் கிளே ரெகட்ஸோனி 1980இல் அமெரிக்காவின் லாங் பீச் பந்தயத்தில் பிரேக் செயலிழந்து மோதி, இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். அதற்குப் பிறகும் கையால் இயக்கும் வண்டிகளில் பாரிஸ்-டக்கார் ராலி வரைக்கும் போனார். இத்தாலியின் அலெக்ஸ் ஸனார்டி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2001 செப்டம்பரில் ஜெர்மனியின் லாவ்ஸிட்ஸ் டிராக்கில் நடந்த விபத்தில் இரண்டு கால்களும் போயின. 2003இல் அதே டிராக்குக்குத் திரும்பிவந்து, அன்று பாக்கி நின்றுபோன 13 சுற்றுகளை ஓட்டி முடித்தார். 2005இல் ஓஷர்ஸ்லேபன் டிராக்கில் உலக டூரிங் கார் பந்தயம் ஒன்றை வென்றார்.

ஸனார்டியிடம் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வென்ற அந்தக் காரில் ஆக்சிலரேட்டர் ஸ்டியரிங்கோடு சேர்ந்த வளையத்தில் இருந்தது. பிரேக்கைச் செயற்கைக் காலால், இடுப்பின் பலத்தை வைத்து அழுத்தினார். 2018இல் இத்தாலியின் மிசானோ டிராக்கில் டிடிஎம் என்ற ஜெர்மன் கார் பந்தயத்துக்கு வந்தபோது செயற்கைக் கால்களைக் கழற்றி வைத்துவிட்டு, பிரேக்கையும் கைக்கு மாற்றிக்கொண்டு ஓட்டினார், ஐந்தாவதாக முடித்தார். ஒரே மனிதர், இரண்டு அமைப்பு. ஃபிரெஞ்சுக்காரர் ஃபிரெடரிக் சோஸே 2012இல் ஒரு நோய்த்தொற்றில் கைகளையும் கால்களையும் இழந்தவர். 2016இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை முடித்தார். செயற்கைக் கை நேராக ஸ்டியரிங்கில் பொருந்தியது, ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் தொடையால் இயங்கின. கனடாவின் ராபர்ட் விக்கன்ஸ் 2018இல் அமெரிக்காவின் போகோனோ டிராக்கில் நடந்த விபத்தில் தண்டுவடக் காயம் பட்டவர். 2023இல் ஹாரி காட்சாக்கரோடு மாறி மாறி ஒரே ஹூண்டாய் காரை ஓட்டி அமெரிக்காவில் டிசிஆர் என்ற கார் பந்தயப் பிரிவின் பட்டத்தை வென்றார். ஒருவருக்குக் கை, மற்றவருக்குக் கால், கார் ஒன்றே.

இவர்களை எல்லாம் வருகிறவர்களிடம் உற்சாக உரையாகச் சொல்லாதீர்கள். அவர்கள் இதையெல்லாம் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். நமக்கு இதில் பாடம் ஒன்றுதான். "மாற்றுத்திறனாளிக்கான கார்" என்று பொதுவாக ஒன்று கிடையாது. இந்த ஆளுக்கான, இந்த உடம்புக்கான கார்தான் உண்டு. அதனால் காலையில் முதல் அரை மணி நேரம் அளவு பார்ப்பதிலும் கேட்டுத் தெரிந்துகொள்வதிலும்தான் போகும், போகவும் வேண்டும்.

இப்போது அந்தக் கட்டுப்பாடுகளைப் பற்றி. இங்கே அதிகம் பார்ப்பது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு லீவர். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்சிலரேட்டர். உள்ளே வெறும் இரும்புக் கம்பிகள்தான், லீவரைப் பெடல்களோடு இணைத்திருக்கும். பெடல்கள் அப்படியே இருப்பதால் அடுத்து வருகிறவர் காலாலும் ஓட்டலாம். ஒரு கை லீவரில் இருப்பதால் ஸ்டியரிங்குக்கு மிச்சம் ஒரு கைதான். அதற்கு ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் பொருத்தியிருப்பார்கள். விரல்களால் இறுக்கிப் பிடிக்க முடியாதவர்களுக்குக் குமிழுக்குப் பதிலாக மூன்று குச்சிகள் நிற்கும் ஒரு பிடி, மணிக்கட்டை அதற்குள் வைத்தால் நழுவாது. இடது கால் மட்டும் இயங்குகிறவருக்கு ஆக்சிலரேட்டரை இடப்பக்கம் மாற்றி வைப்பதும் உண்டு. கியர் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். கிளட்ச்சும் கையால் என்றால் கைக்கு வேலை தாங்காது.

நீங்கள் ஒரு காரியம் கட்டாயம் செய்யுங்கள். அமைப்பாளர்களிடம் அனுமதி கேட்டு, காலி மைதானத்தில் அந்த லீவரை வைத்து நீங்களே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நான் ஓட்டிய அன்று வலது கால் சும்மா இருக்கவே மறுத்தது. ஒவ்வொரு முறை நிறுத்த நினைக்கும்போதும் அது தானாகப் பெடலுக்குப் போய்விடும். கையோ பதற்றத்தில் லீவரைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும், அதாவது ஆக்சிலரேட்டரைக் கொடுக்கப் பார்க்கும். இருபது கிலோமீட்டர் வேகத்திலேயே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அன்றைக்குப் பிறகு, மணிக்கு நூற்றறுபது கிலோமீட்டரிலிருந்து வளைவுக்குள் ஒரு கையால் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே மறு கையால் திருப்புகிறவரைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது. அங்கே கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் பலர் கைதேர்ந்த ரேஸ் ஓட்டுநர்கள். ஆனால் லீவரில் ஓட்டுவதில் வந்தவர்தான் அவர்களுக்கு மூத்தவர். நல்ல பயிற்சியாளர் இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒப்புக்கொள்வார். வளைவில் கார் போக வேண்டிய கோடு எங்கே என்று பயிற்சியாளர் சொல்வார், அதில் எப்படிப் போவது என்று வந்தவர் முடிவு செய்வார்.

ஒரு சின்ன நுணுக்கம், எனக்கு மிகவும் பிடித்தது. லீவரை முன்னால் தள்ளிப் பிரேக் பிடிக்கும்போது கார் வேகம் குறைகிறது, உடம்பும் கையும் முன்னால் தள்ளப்படுகின்றன. அப்போது கையின் எடையே பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்தும். சாலையில் இது தெரியாது. டிராக்கில் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது நன்றாகத் தெரியும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்கள் சிலருக்கு முழங்கையை மடக்கும் தசை வேலை செய்யும், நீட்டும் தசை சரியாக வேலை செய்யாது. அவர்கள் தோளிலிருந்து தள்ளுவார்கள். அப்படிப்பட்டவருக்கு மேலுடம்பு சீட்டோடு ஒட்டி நிற்காவிட்டால் பிரேக்கின் அளவு அவர் கையில் இருக்காது. ஆகவே ஹார்னஸை, அதாவது நாலு அல்லது ஆறு முனைகளில் மாட்டும் ரேஸ் பெல்ட்டை, நாம் இழுத்து இறுக்கும்போது பாதுகாப்போடு கூட அவருடைய பிரேக்கையும் சேர்த்துத்தான் சரிசெய்கிறோம். வயிறு, முதுகுத் தசைகள் வேலை செய்யாதவருக்கு வளைவில் சாயாமல் உட்கார வைப்பதும் அந்தப் பெல்ட்டும் சீட்டின் பக்கவாட்டு அணைப்பும்தான். லீவரில் ஓட்டுகிறவர்களுக்குக் கொண்டையூசி வளைவு கடினம், ஒரு கையால் ஸ்டியரிங்கை நிறையத் திருப்ப வேண்டும். நீளமான, வேகமான வளைவுகளில் ஸ்டியரிங் கொஞ்சம்தான் அசையும், அங்கே மற்றவர்களுக்குச் சளைக்காமல் போவார்கள்.

சரி, உங்கள் கைக்கு வரப்போகும் வேலைக்கு வருகிறேன்.

நாற்காலியிலிருந்து காருக்குள் மாறுவதுதான் அந்த நாளின் மிகக் கடினமான பகுதி. டிராக்கில் ஓட்டுவதைவிட இதில்தான் பலருக்கு உடம்பு அசந்துபோகும். ரேஸ் காரில் பாதுகாப்புக்காகக் கதவுப் பக்கம் குறுக்குக் கம்பிகள் போகும், சீட்டின் ஓரம் உயர்ந்து நிற்கும், கூரை தாழ்வு. வீட்டுக் காரில் பத்து நொடியில் தானாகவே ஏறிவிடுகிறவருக்கும் இங்கே உதவி தேவைப்படலாம். முதலில் கேளுங்கள்: "எப்படி மாறுவீர்கள்? நான் எங்கே நிற்கட்டும்?" அவர் சொன்னபடி மட்டும் செய்யுங்கள். சிலர் வழுக்குப் பலகையை நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே பாலமாக வைத்து நகர்ந்துவிடுவார்கள், நாம் பலகை நழுவாமல் பிடித்தால் போதும். சிலருக்குக் கால்களை மட்டும் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். சிலரை இரண்டு பேர் தூக்க வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள். பயிற்சி இல்லாமல் தூக்கப் போகாதீர்கள், உங்கள் முதுகும் போகும், அவர் தோளும் போகும். ஒருவரைத் தூக்கும்போது ஒரே ஒருவர்தான் எண்ணிக்கை சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் தூக்கப்படுகிறவரே.

உள்ளே உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டியவற்றை அவசரப்படாமல் பாருங்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குக் குத்துகிறது, அழுத்துகிறது என்று உடம்பு சொல்லாது. பின் பாக்கெட்டில் சாவியோ போனோ இருந்தால், பேன்ட் மடிந்து ஒரு கனமான தையல் அடியில் மாட்டியிருந்தால், அந்தக் கடினமான சீட்டில் இருபது நிமிட அதிர்வில் தோல் புண்ணாகிவிடும். நமக்கு ஒரு சிராய்ப்பு இரண்டு நாளில் ஆறிவிடும். அவருக்கு அதே அழுத்தப்புண் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் படுக்கையில் வைத்துவிடும். ஷூ போட்டுவிட்டால் உள்ளே கால்விரல்கள் மடங்கியிருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். ஹார்னஸின் தொடை நடுப்பட்டை சிறுநீர்க் குழாயின் மேல் ஏறி உட்காரக் கூடாது. தொடையில் கட்டிய சிறுநீர்ப் பை காலியா என்று அவரிடமே ஏறுவதற்கு முன்னால் கேளுங்கள், மெதுவாக, பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

கையுறை மாட்டுவதில் ஒரு விஷயம் யாரும் முதலில் சொல்லித் தர மாட்டார்கள். கழுத்தில் அடிபட்டுக் கைவிரல்கள் இயங்காத பலர் பொருட்களை எப்படிப் பிடிக்கிறார்கள் தெரியுமா? மணிக்கட்டைப் பின்னால் வளைத்தால், சற்றே இறுகிய விரல் தசைநாண்கள் தாமாக விரல்களை மடக்கும். அந்த இறுக்கம்தான் அவர்களுடைய பிடி. கையுறை போகவில்லை என்று நீங்கள் மணிக்கட்டையும் பின்னால் வளைத்து விரல்களையும் ஒருசேர நீட்டி இழுத்தால், வருடக்கணக்கில் பாதுகாத்த அந்த இறுக்கம் தளர்ந்துவிடலாம். ஒரு விரல் ஒரு விரலாக, மணிக்கட்டைத் தொங்கவிட்டு, பொறுமையாக மாட்டுங்கள். நேரம் ஆகிறது என்று பின்னால் யாராவது கத்தினால் கத்தட்டும்.

கால்கள் சில சமயம் தாமாக உதறும். தசை இறுக்கத்தால் வருவது அது, காரின் அதிர்வு அதைத் தூண்டும். பெடல்கள் இருக்கும் காரில் உதறும் கால் ஆக்சிலரேட்டரில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குத்தான் பெடல் மறைப்பும் கால்பட்டையும். கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் பார்த்ததற்குப் பிறகு இன்னொருவரும் பார்க்கட்டும்.

வெயிலைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம், ஆனால் இது வேறு மாதிரி. தண்டுவடம் மேலே அடிபட்டவர்களுக்கு அதற்குக் கீழே உடம்பு வியர்க்காது. தீ தாங்கும் உடையும் ஹெல்மெட்டும் போட்டு, மூடிய காரில் உட்கார்ந்தால், இங்கிலாந்தின் 24 டிகிரி வெயிலே போதும் உடம்புச் சூடு ஏற. காலை இழந்தவர்களுக்கும் இதே தொல்லை வேறு வழியில் வரும், வியர்வை வெளியேறத் தோலின் பரப்பு குறைவு, செயற்கைக் காலின் உறைக்குள் வேறு அடைபட்டிருக்கும். வரிசையில் காத்திருக்கும்போது கதவைத் திறந்து வைப்பது, குடை பிடிப்பது, தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் முகத்திலும் கழுத்திலும் தெளிப்பது எல்லாம் தன்னார்வலர் வேலை. குளிரிலும் அப்படித்தான். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள முடியாத உடம்பு, அக்டோபர் காற்றில் பத்து நிமிடம் நின்றாலே விறைத்துவிடும். கம்பளி தயாராக இருக்கட்டும்.

ஒரே ஒரு அவசர நிலையை மட்டும் பெயரோடு தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று பெயர், இங்கே அதை ஏடி என்று சுருக்கிச் சொல்வார்கள். மார்பு மட்டத்தில் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, கீழே எங்கோ ஏதோ தொந்தரவு என்றால் இரத்த அழுத்தம் திடீரென்று தாறுமாறாக ஏறும். காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும்: சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், குழாய் மடங்கியிருக்கும், பட்டை இறுக்கியிருக்கும், ஷூவுக்குள் விரல் மாட்டியிருக்கும். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து மேல்பாதி மட்டும் வியர்ப்பது, மயிர்க்கூச்செறிவது இவையெல்லாம் அடையாளம். அப்போது படுக்க வைக்கவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமானதை எல்லாம் தளர்த்தி, குழாயைப் பார்த்து, மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். பலர் இதற்கான அட்டையும் மாத்திரையும் கூடவே வைத்திருப்பார்கள், எங்கே இருக்கிறது என்று காலையிலேயே கேட்டு வையுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஏறுவதற்கு முன் மேலே சொன்னவற்றைப் பார்க்க நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அப்புறம், நாற்காலி. முதல் வருடம் நான் செய்த தவறு இது. ஓர் அம்மா காரில் ஏறியதும் இடம் வேண்டுமே என்று அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் கேரேஜுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நடுவில் வேறு ஒரு கார் சறுக்கி நின்றதால் சிவப்புக் கொடி காட்டி எல்லோரையும் உள்ளே வரச்சொன்னார்கள். அவர் கார் வழக்கமான இடத்துக்கு வர முடியாமல் பிட் லேனின், அதாவது டிராக்கை ஒட்டி கார்கள் வந்து நிற்கும் பாதையின், மறுமுனையில் நின்றது. நான் நாற்காலியைத் தேடிப்போய்த் தள்ளிக்கொண்டு வருவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. "நாற்காலி என் கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால் போதும், நான் நிம்மதியாக ஓட்டுவேன்" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் பிட் சுவரைக் கடக்கும்போது அவர் கண் எதைத் தேடியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றுமுதல் யார் நாற்காலியாக இருந்தாலும் பாதுகாப்பான, ஆனால் ஓட்டுநருக்குத் தெரிகிற ஓர் இடத்தில் வைத்து, பக்கத்திலேயே நிற்கிறேன். அதில் உட்காராதீர்கள், சட்டையைத் தொங்கவிடாதீர்கள், கழற்றிய கால்தாங்கியையும் பக்கத்தட்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். உட்கார்ந்திருக்கும் ஆளைக் கேட்காமல் பின்னாலிருந்து தள்ளவே தள்ளாதீர்கள்.

வண்டிக்குள்ளிருந்து அவசரமாக வெளியே எடுப்பதை ஒத்திகை பார்க்காமல் எந்த நல்ல அமைப்பும் காரை விடாது. புகை வந்தால் மற்ற ஓட்டுநர் தானாகக் குதித்து இறங்குவார், இவரால் முடியாமல் போகலாம். எந்தக் காரில் யார், எந்தப் பக்கமாக எடுப்பது, லீவர் எங்கே இடிக்கும் என்று டிராக்கில் கொடி காட்டிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல்களுக்கும் தீயணைப்புக் குழுவுக்கும் காலையிலேயே சொல்லியாக வேண்டும். ஒத்திகையில் நீங்களும் இருங்கள். ஒத்திகைக்கு நேரம் இல்லை என்று சொல்லும் இடத்தில் நான் என்றால் நிற்க மாட்டேன்.

எங்கே சேருவது? தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கென்றே டிராக் நாட்கள் நடத்துவது ஸ்பைனல் டிராக் என்ற தொண்டு அமைப்பு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நதாலி மெக்லோயின். பதினாறு வயதில் கார் விபத்தில் கழுத்து உடைந்தவர், பிறகு போர்ஷே கேமனில் பந்தயம் ஓட்டியவர், உலகக் கார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பின் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர். பார்வையற்றவர்களும் ஓட்ட வேண்டும் என்றால் ஸ்பீட் ஆஃப் சைட். இரட்டைக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் நடக்கும். அதன் நிறுவனர் மைக் நியூமன் பார்வையற்றவர், 2014இல் மணிக்கு 200 மைலுக்கு மேல் கார் ஓட்டிச் சாதனை செய்தவர். போட்டியாகவே ஓட்ட நினைப்பவர்களுக்கு டீம் பிரிட் இருக்கிறது, அதன் ஓட்டுநர்கள் மாற்றுத்திறனாளிகள். காயம்பட்ட படைவீரர்களோடு வேலை செய்ய விரும்பினால் மிஷன் மோட்டர்ஸ்போர்ட். அவர்கள் நவம்பரில் ஆங்கிள்ஸி டிராக்கில் நடத்தும் பந்தயம் ஞாயிறு காலை பாதியில் நின்றுவிடும், எல்லோரும் பிட் லேனில் கூடி நின்று இறந்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்திய பிறகுதான் மறுபடி ஓடும். ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்.

எழுதிக் கேட்கும்போது உங்களுக்கு என்ன தெரியும் என்று நேராக எழுதுங்கள். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் அதை, போட்டோ எடுக்கத் தெரிந்தால் அதை, எதுவும் இல்லாவிட்டால் நாள் முழுக்க நிற்க முடியும் என்பதை. பதிவு மேசை, ஹெல்மெட் அளவு பார்ப்பது, டீ போடுவது, வரிசையை ஒழுங்காக நகர்த்துவது எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். மாணவர் விசாவில் இருக்கிறீர்கள் என்றால் சம்பளமில்லாத வேலை எது, தன்னார்வப் பணி எது என்பதில் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது, முதல் வகை உங்கள் வார மணிக் கணக்கில் சேரும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் போனதும் முதல் காரியமாக மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை எங்கே என்று நடந்துபோய்ப் பாருங்கள். ஒரு டிராக்கில் அதைத் துடைப்பமும் பெயின்ட் டப்பாவும் வைக்கும் அறையாக்கி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் கதவு வரை புல்தரை, மழைக்குப் பிறகு சக்கரம் புதைந்தது. ஓட்டுநர்கள் வருவதற்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்தால் காலி செய்யவோ பலகை போடவோ நேரம் இருக்கும். பூட்டியிருந்தால் ரேடார் சாவி வேண்டும். நாடு முழுக்க இப்படிப்பட்ட கழிப்பறைகளுக்கு அதே ஒரு சாவிதான், வருகிறவர்கள் பலரிடம் இருக்கும். ஆனாலும் அமைப்பாளரிடம் ஒன்று வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே இரண்டு பழைய துண்டு, ஒரு தெளிக்கும் பாட்டில், மழைக்கோட்டு. கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் உறையும் ஒன்று எடுத்துப் போங்கள். ஆள் டிராக்கில் இருக்கும்போது மழை வந்தால் நாற்காலியின் மெத்தையை அதில் போட்டுக் கட்டிவிடுங்கள், திரும்பி வருகிறவர் உலர்ந்த மெத்தையில் உட்காரட்டும்.